வாசலில் பாதி பேவர் கல், மீதியில் காய்ந்த புல். சாயங்காலம் உட்காருகிற மாதிரி எப்படி மாற்றுவது?

பல்லடத்து வாசல்:
வணக்கமுங்க. பல்லடம் பக்கம் வீடு கட்டிக் குடிவந்து மூணு வருசம் ஆச்சு. முன்னால் 40 அடிக்கு 22 அடி இடம், மேற்குப் பார்த்த வாசல். பாதிக்குப் பேவர் கல் பதித்து மீதியில் கொரியன் புல் விரித்துக் கொடுத்தார்கள், முதல் வருசம் பார்க்க அத்தனை அழகாக இருந்தது. ரெண்டாம் சித்திரையிலேயே புல் வைக்கோல் மாதிரி ஆகிவிட்டது. போர் தண்ணிதான், அதுவும் உப்பு, வாளி காய்ந்தால் அடியில் வெள்ளையாகப் படிகிற தண்ணி. சுவரோரம் வைத்த இட்லிப்பூச் செடி பத்திலும் கொழுந்தெல்லாம் மஞ்சள். ஆடிக் காற்றில் தொட்டிகள் உருண்டு நாலு உடைந்து போச்சு.

அம்மாவுக்கு 71 வயசு. தோட்டத்து வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து பழகியவர், இங்கே ஆறரை மணிக்கு வெளியே வந்தாலும் கல்லுச் சூடு காலில் ஏறுகிறது என்று உள்ளேயே இருந்துவிடுகிறார். அவர் வெளியே வந்து உட்கார வேண்டும், எனக்கு அதுதான் முக்கியம். கையில் 40,000 ரூபாய் இருக்கிறது. எதிலிருந்து ஆரம்பிக்கலாம்?

செம்மண்:
இப்போதைக்குச் செடி வாங்கப் போகாதீங்க. நாலு நாள் சாயங்காலம் நாலு மணியிலிருந்து ஏழு வரைக்கும் ஒரு நாற்காலியைப் போட்டு அந்த இடத்தில் உட்காருங்க. வெயில் எந்தப் பக்கம் முகத்தில் அடிக்கிறது, காற்று எங்கே சுழல்கிறது, ரோட்டில் போகிறவர்கள் எங்கிருந்து உள்ளே பார்க்கிறார்கள், இதெல்லாம் அப்போதுதான் தெரியும். உட்காருகிற இடத்துக்கு நேர் மேலே நிழல் வேண்டும் என்று எல்லோரும் மரத்தைப் பக்கத்திலேயே நடுகிறார்கள். சாயங்கால வெயில் சாய்ந்து வருவதால் நிழல் கிழக்கே நீண்டு விழும், அதனால் மரம் நாற்காலிக்கு மேற்கே ஏழெட்டு அடி தள்ளி இருக்க வேண்டும். அதிலும் சித்திரை, வைகாசியில் சூரியன் நேர் மேற்கில் இறங்காது, கொஞ்சம் வடக்கே தள்ளித்தான் இறங்கும். வடமேற்கு ஓரமாகப் பார்த்து ஒரு புங்கன் வையுங்க. இலை உதிர்த்தாலும் கோடை ஏறுவதற்குள் தளிர்த்துவிடும், அடர்த்தியான நிழல்.

அப்புறம் அந்தப் பேவர் கல். கார் நிற்கிற இடத்துக்கும் நடக்க நாலடிப் பாதைக்கும் விட்டுவிட்டு மீதியைப் பேர்த்து எடுத்துவிடுங்க. பேர்த்ததோடு விட்டுவிடக் கூடாது, அடியில் கிரஷர் பவுடர் போட்டு இடித்து இறுக்கியிருப்பார்கள், அதையும் ஒன்றரை அடி தோண்டி எடுத்துவிட்டுச் செம்மண்ணும் மக்கின சாணி எருவும் கலந்து நிரப்பணும். எங்கள் வீட்டில் இதைச் செய்யாமல் கல்லை மட்டும் எடுத்துவிட்டு நட்டேன், வைத்த ஆறு செடியும் ஒரு சாண் வேருக்கு மேல் இறங்கவே இல்லை. பிடுங்கிப் பார்த்தால் தொட்டியில் வைத்த மாதிரி வேர் சுருண்டு கிடந்தது. உங்கள் காசில் பெரும்பகுதி இந்த மண் வேலைக்கே போகட்டும்.

நாற்றங்கால்:
இட்லிப்பூவைப் பிடுங்கிவிடாதீங்க. கொழுந்து மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாகத் தெரிந்தால் அது இரும்புச் சத்துக் குறைவு. மண்ணில் இரும்பு இருந்தாலும் சுண்ணாம்பும் உப்புத் தண்ணியும் சேர்ந்தால் வேர் அதை எடுக்க முடியாது. சுவரோரம் என்கிறீங்க, பூச்சு வேலையில் கொட்டின சிமெண்டு அங்கேயே புதைந்திருக்கும், தோண்டிப் பாருங்க. ஒரு லிட்டர் தண்ணிக்கு அன்னபேதி (இரும்பு சல்பேட் உப்பு) 5 கிராம், சிட்ரிக் அமிலம் 1 கிராம் கலந்து வெயில் தாழ்ந்த பிறகு இலையில் தெளியுங்க, 15 நாளைக்கு ஒருதரம், மூணு தடவை. தெளிக்கும்போது சுவரிலும் கல்லிலும் படாமல் சாக்கை விரித்துக்குங்க, துருக் கறை பிடித்தால் போகவே போகாது. மழைத் தண்ணியைப் பிடித்து வைத்து ஊற்ற முடிந்தால் இன்னும் சீக்கிரம் தேறும்.

காங்கயத்துப் பேத்தி:
காற்றுக்குச் சுவர் எழுப்பாதீங்க, பாலக்காட்டுக் கணவாய் வழியாக வருகிற காற்று அது, சுவரில் மோதி மேலே ஏறி அந்தப் பக்கம் இன்னும் வேகமாகச் சுழலும். காற்று வடிந்து வருகிற மாதிரி உயிர்வேலிதான் சரி. எங்கள் பக்கம் கொறங்காடு என்கிற மேய்ச்சல் நிலம் பூராவும் கிளுவை வேலி, கிளையைப் போத்தாக வெட்டி மழைக்கு முன்னால் ஊன்றினால் பிடித்துக்கொள்ளும், தண்ணி கேட்காது. முள் இருக்கும், அதனால் பாதையை விட்டு ரெண்டடி தள்ளி வையுங்க. அரளி வைக்கலாம் என்று யாராவது சொன்னால், வீட்டில் மாடோ சின்னக் குழந்தையோ இருந்தால் வேண்டாம், அது விஷம்.

உட்காருவதற்கு இரும்பு ஊஞ்சல் எல்லாம் வாங்காதீங்க. பழைய கல்லுக்கால் ரெண்டு, மேலே ஒரு கருங்கல் பலகை. என் அப்பத்தாவுக்கு அப்படித்தான் போட்டோம், ஒன்றரை அடி உயரம், அதற்குக் கீழே இருந்தால் முட்டி வலிக்காரர்களால் எழ முடியாது. ஒரு பக்கம் கை ஊன்ற இன்னொரு கல்லுக்காலை நட்டுவிட்டோம். கல்லில் அவர் கை வைக்கிற இடம் மட்டும் இப்போது வழவழவென்று இருக்கிறது. நிழல் வருவதற்கு முன் கல் போட்டால் அதுவும் சுடும், அதை ஞாபகம் வைத்துக்குங்க.

பல்லடத்து வாசல்:
எல்லோருக்கும் நன்றிங்க. தோண்டிப் பார்த்தேன், சுவரோரம் சிமெண்டுக் கட்டி கைநிறைய வந்தது. புல்லை என்ன செய்வது? மரம் நிழல் கொடுக்கிற வரைக்கும் என்ன செய்வது?

ஓடைக்கரை:
புங்கன் வளர நாலு வருசமாவது ஆகும். அதுவரைக்கும் மேற்கே நாலு மூங்கில் நட்டுக் குறுக்கே கம்பி கட்டி சங்குப்பூவும் முல்லையும் ஏற்றிவிடுங்க. சங்குப்பூ விதை போட்ட ரெண்டு மூணு மாசத்தில் பந்தலை மூடிவிடும். தரைக்குப் பொடுதலை. ஓடைக்கரையில் படர்ந்து கிடக்குமே, அதேதான். கணு கணுவாக வேர் விடும், உப்புத் தண்ணியைத் தாங்கும், புல் மாதிரி வெட்டிக்கொண்டே இருக்க வேண்டியதில்லை. பூவுக்குத் தேனீ வரும், வெறுங்காலோடு நடக்கிற இடத்தில் மட்டும் விடாதீங்க. செடி மூட்டுக்குத் தென்னை உரிமட்டையைக் கவிழ்த்துப் பரப்பினால் ஈரம் காயாது. விளக்கு மஞ்சள் வெளிச்சமாக, முழங்கால் உயரத்தில் போதும். வெள்ளை விளக்கை மேலே மாட்டினால் மழைக் காலத்தில் ஈசல் வந்து உட்கார விடாது.

பல்லடத்து வாசல்:
நாலு நாள் நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். மூணாவது நாள் அம்மாவும் தானாக ஒரு நாற்காலியை எடுத்துக்கொண்டு வந்து, நான் நினைத்த இடத்தை விட்டுவிட்டு வடக்கு மூலையில் போட்டு உட்கார்ந்தார். ஏன் என்று கேட்டேன். இங்கே இருந்தால் ரோட்டில் வருகிறவர்கள் முகம் தெரிகிறது கண்ணு என்றார். திங்கட்கிழமை கல் பேர்க்க ஆள் வருகிறது, அந்த மூலையில் இருந்து ஆரம்பிக்கிறோம். பக்கத்தில் ஒரு பவளமல்லியும் வேண்டுமாம் அவருக்கு.