ஈரல் வருத்தத்தோட கர்ப்பம்: கறுப்பு மலத்துக்கு இரும்புக் குளிசையைச் சாட்டாதீங்க

வாவிக்கரை மிட்வைஃப்:
ஈரல் சுருங்கின தாய், ஆறாம் மாசம். நாலு நாளா மலம் கறுப்பு. கிளினிக்கில சொன்னதுக்கு, "இரும்புக் குளிசை போடுறீங்கதானே" எண்டு அனுப்பிட்டாங்க. வீட்டு விசிட்டில கக்கூசைப் பார்த்தாத்தான் விசயம் விளங்கினது. தார் மாதிரி ஒட்டிக் கிடக்கு, ஒரு வாளி தண்ணி ஊத்தியும் போகல்ல, ஓடின தண்ணி சிவப்பு. நாடி 118, பிரஷர் 90/60. கொப்பியில போன மாச எச்.பி. (ரத்த ஹீமோகுளோபின்) 10.4, அண்டைக்கு ஆஸ்பத்திரியில 6.9.

இரும்பால வாற கறுப்பில பச்சை கலந்திரிக்கும், உருண்டு வரும், தண்ணியில கரைச்சா சிவக்காது. ரத்தம் செமிச்சு வாறது பிசுபிசுக்கும், நாத்தமும் வேற. சந்தேகமெண்டா குளிசையை ரெண்டு மூணு நாள் நிப்பாட்டிப் பாக்கலாம்.

வாட் 7:
அக்கா, கடைசி வரியோட ஒத்துக்கேலாது. ஈரல் சுருங்கி உணவுக்குழாயில ரத்தநாளம் வீங்கின தாய்க்கு ரெண்டு மூணு நாள் எங்க இரிக்கு? அண்டைக்கே அனுப்பணும். கர்ப்பத்தில ரத்த அளவு 40–50 வீதம் கூடும். வளர்ற கர்ப்பப்பை வயித்துப் பெருநாளத்தை அமத்த, திரும்பிப் போற ரத்தம் அந்த வீங்கின நாளங்களுக்கால வழி தேடும். நடுக்கர்ப்பத்திலயும், பிரசவத்தில முக்கக்குள்ளயும் வெடிக்கிறது இதாலதான். வாந்தி ரத்தம் இல்லாட்டியும் 4–6 மாசத்துக்குள்ள ஒரு எண்டோஸ்கோப்பி (வாயால குழாய் விட்டு உள்ள பாக்கிறது) செய்யணும். பெரிசா வீங்கியிருந்தா ரப்பர் வளையம் போடுறது, இல்லாட்டி புரோப்ரனலோல் (அந்த நாளங்கள்ல அமுக்கத்தைக் குறைக்கிற மருந்து). ரத்தம் போகக்குள்ள அந்த நாளங்களுக்குப் போற ரத்தத்தைக் குறைக்கிற ஒக்ட்ரியோடைட் 50 மைக்ரோகிராம் ஒரேயடியா, பிறகு மணிக்கு 50. கூட கிருமிக்கு செஃப்ட்ரயாக்சோன் 1 கிராம். ரத்தம் நிப்பாட்டக் குடுக்கிற மற்ற மருந்து, டெர்லிப்ரெசின், கர்ப்பப்பையைச் சுருக்கும், தவிர்க்கணும். ரத்தம் ஏத்துறதும் அளவோடதான். எச்.பி.யை ஒரேயடியா 10க்கு ஏத்தினா அமுக்கம் கூடித் திரும்ப வெடிக்கும்.

வாவிக்கரை மிட்வைஃப்:
நிப்பாட்டிப் பாக்கிறது ஈரல் வருத்தம் இல்லாத தாய்க்கு. அந்தத் தாய் அண்டு பின்னேரமே அம்புலன்ஸில போனவ.

பிபியூ மிஸ்ஸி:
குறைமாசப் பிள்ளைகள் பிரிவில (பிபியூ) இருந்து சொல்றன்: புரோப்ரனலோலை எழுதுறவங்க பிள்ளையின்ர கொப்பியிலயும் எழுதி விடுங்க. ஒரு பிள்ளை, 35 கிழமை, 1.9 கிலோ. "நல்ல அமைதியான புள்ள, அழுகையே இல்ல" எண்டு தாய்மார் வாட்டில எல்லாருக்கும் சந்தோசம். குதியில குத்திப் பார்த்தா ரத்தச் சீனி 28 (மி.கி./டெ.லி.), இதயத்துடிப்பு 96. சீனி குறைஞ்சா பிள்ளை நடுங்கும், துடிப்பு கூடும். இந்த மருந்து அந்த ரெண்டையும் மறைக்கும், மிச்சம் சோம்பல் மட்டும்தான். முதல் பாலை ஒரு மணித்தியாலத்துக்குள்ள குடுக்கணும். பிறகு ஒவ்வொரு பாலுக்கும் முன்ன சீனி பார்க்கணும், 24–48 மணித்தியாலம் வரை. 47க்குக் கீழ எண்டா பால். ஏறாட்டி, இல்லாட்டி பிள்ளை சோர்ந்து கிடந்தா, 10 வீத டெக்ஸ்ட்ரோஸ் கிலோவுக்கு 2 மில்லி நாளத்தில. ரத்தக்கசிவைத் தடுக்கிற விட்டமின் கே 1 மில்லிகிராம் ஊசியைப் பிந்த விடவேணாம். ஈரல் வருத்தத்தில வாற அரிப்புக்குத் தாய் கொலஸ்டிரமின், ரிஃபாம்பிசின் போட்டிருந்தா இன்னும் கவனம், அதுகள் விட்டமின் கேயைக் குறைக்கும்.

கடற்கரைப் பள்ளியடி:
எல்லாரும் மருந்தைப் பத்தியே எழுதுறீங்க, சாப்பாட்டை ஆர் சொல்ற? செங்கமாரி வந்த உம்மாமாருக்கு எங்கட பக்கம் முட்டை, மீன், எண்ணெய் எல்லாத்தையும் நிப்பாட்டி வெறும் கஞ்சி குடுக்காங்க. சுருங்கின ஈரல் சீனியைச் சேத்து வைக்காது, ஒரு ராப் பட்டினிக்கே தசையைக் கரைக்கத் தொடங்கும். கிலோவுக்கு 1.2–1.5 கிராம் புரதம் வேணும். 55 கிலோ எண்டா 66க்குக் குறையாம. மீன், முட்டை, பருப்பு, மட்டக்களப்புத் தயிர் எல்லாம் தாராளமாகத் திண்ணலாம். படுக்கைக்கு முந்தி ஒரு கோப்பை சோறும் தயிரும். வயித்தில தண்ணி சேர்ந்திருந்தா கருவாடு, ஊறுகாய் கூடாது. நோன்பு புடிக்கவே வேணாம், சலுகை இருக்கிறது இப்படியான ஆக்களுக்குத்தான். "ஈரலுக்கு ஈரல்" எண்டு ஆட்டீரல் குடுக்கிறதும் பிழை, விட்டமின் ஏ மிஞ்சினா கருவுக்குக் கூடாது. கீழ்க்காய்நெல்லியை நம்பி அசத்தயோபிரினை (உடம்பே ஈரலைத் தாக்கிற அழற்சிக்குப் போடுற மருந்து) நிப்பாட்டுறதுதான் எல்லாத்திலயும் மோசம். ஈரல் அழற்சி திரும்பக் கிளம்பும், பிள்ளை பெத்த முதல் மாசங்கள்ல இன்னும் கூட. அதே அழற்சிக்குப் போடுற இன்னொரு மருந்து மைக்கோஃபீனோலேட் மட்டும் வேற கதை. அது கருவைக் குறையாக்கும், கரு தங்கிறதுக்கு ஆறு கிழமைக்கு முன்னமே மாத்தணும்.

பிபியூ மிஸ்ஸி:
தம்பி, கேக்காமலே பெரிய வகுப்பு! ஆனா அசத்தயோபிரின் சரி. அதைப் போட்டுக்கிட்டே பால் குடுக்கலாம், புரோப்ரனலோலும் அப்படித்தான்.

ஹெப்படைட்டிஸ் பி இருக்கிற தாயெண்டா 2 மாசத்தில போடுற பெண்டாவலன்ட் (இந்த வருத்தத்துக்கும் சேர்த்து ஐந்து நோய்த் தடுப்பூசி) வரைக்கும் பாத்திருக்கேலாது. பிறந்து 24 மணித்தியாலத்துக்குள்ள தடுப்பூசி, 12 மணித்தியாலத்துக்குள்ள இம்யூனோகுளோபுலின் (ஆயத்த எதிர்ப்புச் சக்தி ஊசி). ஒண்டு ஒரு தொடையில, மற்றது மற்றத் தொடையில. தாய்க்கு வைரஸ் மில்லிக்கு 2 லட்சம் ஐ.யூ.வுக்கு மேல எண்டா 28ஆம் கிழமையில இருந்து வைரஸை அடக்கிற டெனோஃபொவிர்.

வாட் 7:
சீசருக்குப் பிறகு நோவுக்கு வழமையா வைக்கிற டைக்ளோஃபெனாக்கை ஈரல் சுருங்கின தாய்மாருக்கு எழுதாதீங்க. ரத்தம் போகும், சிறுநீரகம் படுத்திடும். பனடோல், நாளைக்கு 2 கிராமுக்கு மேல போகாம.