அழற்சிகாட்டி: என் பரிந்துரை

வணக்கம்.

உடலில் அழற்சி (inflammation) இருப்பதைக் காட்டும் இரத்தச் சோதனைகளுக்கு, அதாவது ‘inflammatory marker’ என்பதற்கு, தமிழில் என்ன சொல்லலாம் என்பது கேள்வி. ‘வீக்கக் குறியீடு’ வேண்டாம் என்பதுதான் என் கருத்து. வீக்கம் அழற்சியின் ஓர் அடையாளம் மட்டுமே. சிவத்தல், சூடு, வலி எல்லாம் உண்டு, உள்ளுறுப்பில் என்றால் வெளியே வீக்கமே தெரியாமலும் போகும். ‘அழல்’ என்ற சொல்லிலிருந்து வரும் ‘அழற்சி’ நன்றாகப் பொருந்துகிறது. அதை அலர்ஜி என்று படித்துவிடுவார்கள் என்ற கவலை நியாயமானதுதான், ஆனால் அலர்ஜிக்கு ‘ஒவ்வாமை’ நிலைத்துவிட்டது.

‘குறியீடு’ என்றால் நாம் வைத்துக்கொள்ளும் அடையாளம். இதுவோ உடல் தானாகக் காட்டுவது. அதனால் ‘அழற்சிகாட்டி’ என்று சேர்த்தே எழுதலாம். வேதியியலில் நிறம் மாறிக் காட்டும் ‘நிறங்காட்டி’ (indicator) நாம் வெளியிலிருந்து சேர்ப்பதாயிற்றே என்று கேட்கலாம். இருந்தாலும் ‘காட்டி’ காட்டுவதோடு நின்றுவிடுகிறது, எனக்கு அதுதான் முக்கியம். இந்தச் சோதனைகள் எங்கோ அழற்சி இருக்கிறது என்று சொல்லும், எங்கே, எதனால் என்று சொல்லாது. ‘கண்டறிவான்’ என்று போட்டால் நோயாளி எண்ணைப் பார்த்தே பயந்துவிடுவார். கண்டறிய வேண்டியது மருத்துவர்.

அப்புறம் இந்தச் சோதனைகளில் ஒன்றான ஈ.எஸ்.ஆர். (erythrocyte sedimentation rate). ‘படிவு வீதம்’ என்றால் அடியில் கிடக்கும் பொருள்தான் நினைவுக்கு வருகிறது. ஆய்வகத்தில் நடப்பது வேறு: உறையாமலிருக்க சிட்ரேட் கலந்த இரத்தத்தை 200 மி.மீ. வரை கோடிட்ட மெல்லிய குழாயில் ஏற்றி, செங்குத்தாக நிறுத்தி, ஒரு மணி நேரம் கழித்து மேலே தெளிந்து நிற்கும் மஞ்சள் நீர் எத்தனை மில்லிமீட்டர் என்று பார்ப்பார்கள். அழற்சியில் ஃபைப்ரினோஜன் என்ற இரத்தப் புரதம் கூடுவதால் சிவப்பணுக்கள் காசு அடுக்கியதுபோல ஒட்டிக்கொண்டு சீக்கிரம் இறங்கும். எனவே ‘சிவப்பணு படியும் வேகம்’ என்றே சொல்லலாம். இரத்தசோகையிலும் கர்ப்பத்திலும்கூட இது ஏறும், ஆகவே இந்தப் பெயருக்குள் அழற்சியை நுழைக்காமல் விடுவதே நல்லது.

இன்னொரு சோதனை சி.ஆர்.பி. (C-reactive protein). அதில் உள்ள ‘சி’ வைட்டமின் அல்ல. நிமோனியா உண்டாக்கும் ஒரு பாக்டீரியாவின் சி-பாலிசாக்கரைடு என்ற சர்க்கரைச் சேர்மத்தோடு வினைபுரியும் புரதம் என்று 1930இல் கண்டார்கள், பெயரும் அப்படி வந்தது. ‘எதிர்வினைப் புரதம்’ என்றால் மருந்து ஒத்துக்கொள்ளாததுபோல் ஒலிக்கிறது, ‘சி-வினைப்புரதம்’ போதும். கல்லீரல் உண்டாக்கும் இது சில மணி நேரத்திலேயே ஏறும், காரணம் நீங்கினால் வேகமாக இறங்கும், ஈ.எஸ்.ஆர். இறங்கவோ வாரக்கணக்கில் ஆகலாம்.

“அழற்சிகாட்டிகள் உயர்ந்துள்ளன, காரணம் அறிய மேலும் சோதனை தேவை” என்று ஓர் அறிக்கையில் எழுதிப் பாருங்கள். எங்காவது இடறினால் மாற்றுச் சொல்லோடு எழுதுங்கள்.