நிலா கல்யாணம் பாரிஸ் (குழு)

அம்மா: கல்யாணம் சனி, திங்கள் பிளைட். ஞாயிறு ஒரு நாள்தான் கையில். ஆரணி நவம்பர் 11, போரில் இறந்தவர்களின் நினைவு நாளுக்குப் பள்ளியில் பேச வேண்டும். கனடாக்காரர் சண்டை பிடித்த இடம் ஒன்றைக் காட்டலாமா?

குமார் மாமா: டிஸ்னி

பெரியப்பா: விமி. பாரிஸிலிருந்து வடக்கே இரண்டு மணி நேரம். முதல் உலகப் போர், 1917 ஏப்ரல் 9 முதல் 12 வரை. கனடாவின் நான்கு படைப்பிரிவும் (டிவிஷன்) முதல் தடவை ஒன்றாக இறங்கிய சண்டை. ஆரணி, நீ அனுப்பிய படத்தில் 10,602 பேர் மரணம் என்று கிடக்கிறது. செத்தவர்கள் 3,598. காயம் 7,004. இரண்டையும் கூட்டிப் போட்டிருக்கிறார்கள். மேடையில் அப்படிச் சொல்லிவிடாதே.

ரூபி மாமி: மூன்று பேரின் பிளவுஸ் அளவு இன்னும் வரவில்லை

பிரதீப்: பெரியப்பா வாய்ஸ் நோட் போடாததே பெரிய விஷயம் 😂

ஆரணி: பெரியப்பா, பிரான்ஸில் போமோன்-ஆமெல் சண்டை? 800 பேர் போய் மறுநாள் ஆள் எண்ணும்போது 68 பேர்தான் நின்றார்களாம். டீச்சர் சொன்னார்.

பெரியப்பா: 1916 ஜூலை 1. அது நியூஃபவுண்ட்லாந்து ரெஜிமெண்ட். அவர்கள் கனடாவோடு சேர்ந்ததே 1949இல். கனடா டேயும் அதே ஜூலை 1தான். இன்றைக்கும் அன்று நியூஃபவுண்ட்லாந்தில் காலையில் துக்கம், பிறகுதான் கொண்டாட்டம்.

குமார் மாமா: தியெப் போவோம். கடல் இருக்கு, மீன் சாப்பிடலாம்

பெரியப்பா: மீன் சாப்பிடும் இடமா அது? இரண்டாம் உலகப் போர், 1942 ஆகஸ்ட் 19. கிட்டத்தட்ட 5,000 கனடாக்காரர் போனார்கள். 900க்கு மேல் சாவு, 1,946 பேர் பிடிபட்டார்கள். கரை முழுக்கக் கூழாங்கல், டாங்கிகள் பலவும் அதில் சிக்கிவிட்டன.

குமார் மாமா: சரி அண்ணை, கோபிக்காதீங்கோ

பெரியப்பா: விமி நினைவுச் சின்னத்தில் 11,285 பெயர் வெட்டியிருக்கிறது. முதல் உலகப் போர் முழுக்கப் பிரான்ஸில் செத்து, கல்லறை எதுவென்றே தெரியாத கனடாக்காரர். சுற்றி வெடிக்காத குண்டு இருப்பதால் புல் வெட்ட ஆள் இறங்க முடியாது. ஆடுதான் மேய்கிறது.

ரூபி மாமி: ஆடு என்றதும் ஞாபகம். ஞாயிறு கறிக்கு யார் சொன்னது?

பிரதீப்: லாச்சப்பல் கடையில் சொல்லியாச்சு. 20 கிலோ

ரூபி மாமி: காணாது

அம்மா: வான் வண்டியில் எத்தனை பேர்?

ரூபி மாமி: போன கல்யாணத்துக்குக் கார்டே வராதவர்களையும் சேர்த்தா?

அம்மா: அந்தக் கதை இங்கே வேண்டாம் ரூபி

குமார் மாமா: 👍

ஆரணி: அப்ப விமிதானே?

குமார் மாமா: ஓம். ஆனால் மண்டபச் சாவி ஞாயிறு பன்னிரண்டு மணிக்குத்தான் கொடுக்கலாம். பின்னேரம் போவோம்

பெரியப்பா: பின்னேரம் போனால் விமியில் இருக்கும் போர்க்காலச் சுரங்கம் பார்க்க நேரம் இருக்காது

குமார் மாமா: அப்ப சாவியை நீங்களே கொடுங்கோ