மறுமொழி: முடக்குவாதமா, மூட்டழற்சியா? கிளினிக் துண்டுப்பிரசுரத்துக்குச் சொல் வேண்டும்

எல்லாருக்கும் வணக்கம்.

மூட்டு வீங்கி நோகிற நோய்களுக்கு, ஆங்கிலத்தில் ஆத்திரைற்றிஸ் என்பதற்கு, கிளினிக் துண்டுப்பிரசுரத்தில் என்ன தமிழ்ப்பெயர் போடுவது என்பதுதான் கேள்வி. அது வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகவேண்டும். நாங்கள் இன்னும் 'கீல்' என்ற சொல்லிலேயே நிற்கிறோம். மாஸ்ரர் சொன்ன வேர் விளக்கம் எனக்கும் பிடித்தது. கீல் என்றால் பொருத்து, மூட்டு. கதவுக்கீலும் அதுதான், வள்ளத்துக்குப் பூசுகிற கீல் வேறு. ஆனால் கீல்வாதம் என்பதைச் சிலர் எல்லா மூட்டு நோய்க்கும் எழுதுகிறார்கள், சிலர் யூரிக் அமிலம் படிந்து பெருவிரல் இரவோடிரவாக வீங்குகிற நோய்க்கு மட்டும் எழுதுகிறார்கள். அப்படி இரண்டு பக்கம் இழுபடுகிற சொல்லை நோயாளி கையில் கொடுக்க எனக்கு மனமில்லை.

'வாதம்' வடசொல் என்று மாஸ்ரர் தள்ளுகிறார். 'வளிமுதலா எண்ணிய மூன்று' என்ற குறளைக் காட்டி, வாதத்தைத்தான் வள்ளுவர் வளி என்கிறார் என்று 'மூட்டுவளி' கேட்கிறார். சித்த வைத்தியர் அண்ணா, மூட்டு வீங்கி நோகிற நோய்க்கு உதிரவாத சுரோணிதம் என்ற சித்தப் பெயர் இருக்கப் புதுப்பெயர் எதற்கு என்கிறார். என் தடை வேறு. எங்கள் சனத்துக்கு வாதம் என்றால் பாரிசவாதம். 'முடக்குவாதம்' என்று எழுதிக் கொடுத்தால் கை கால் விழுந்துவிடுமோ என்று அம்மாமார் பயந்துபோகிறார்கள்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மிஷன் வைத்தியர் கிறீன், மானிப்பாயில் மருத்துவம் எல்லாவற்றையும் தமிழில் படிப்பித்தாரே என்று தங்கச்சி எழுதியிருந்தார். உண்மைதான், எங்களுக்குப் பெருமையும்தான். ஆனால் உடலின் எதிர்ப்புச் சக்தியே மூட்டைத் தாக்குகிற நோய்க்கு ருமற்றோயிட் ஆத்திரைற்றிஸ் என்ற பெயரையே லண்டனில் கரொட் என்ற வைத்தியர் 1859இல்தான் வைத்தார். சோரியாசிஸ் என்ற தோல் நோயோடு வருகிற மூட்டு நோயைத் தனி நோய் என்று அமெரிக்க மூட்டுநோய்ச் சங்கம் ஏற்றது 1964இல். கிறீன் காலத்துச் சொல்லில் இந்தப் பிரிவுகள் எல்லாவற்றையும் தேட முடியாது.

பிரிவுதான் இங்கே முக்கியம். ருமற்றோயிட் இரண்டு கையிலும் மணிக்கட்டு, விரலடி மூட்டு, நடு மூட்டு என்று பிடிக்கும். நகத்தோடு ஒட்டிய கடைசி மூட்டைப் பெரும்பாலும் விட்டுவிடும். சோரியாசிஸ் வகை அந்தக் கடைசி மூட்டையும் பிடிக்கும், நகத்தில் ஊசியால் குத்தியது போலக் குழிகள் விழும், சிலருக்கு ஒரு விரல் முழுதும் வீங்கும். முள்ளந்தண்டைப் பிடிக்கிற வகை பெரும்பாலும் 45 வயதுக்கு முன்னரே தொடங்கும். நோ படுத்தால் கூடும், நடந்தால் குறையும். முதல் இரண்டுக்கும் மெதொற்றெக்சேற் என்ற மருந்து கொடுப்பார்கள், கிழமைக்கு ஒருதரம் மட்டும். முள்ளந்தண்டு நோவுக்கு அது உதவாது. பெயர் குழம்பி ஒருவர் மற்றவரின் குளிசையை வாங்கிப் போடக் கூடாது.

அதனால் 'மூட்டழற்சி'யைத் தலைச்சொல்லாக வைத்து, யூரிக் அமில மூட்டழற்சி, சோரியாசிஸ் மூட்டழற்சி, முள்ளந்தண்டு மூட்டழற்சி, தொற்றுக்குப் பின்னான மூட்டழற்சி என்று போடுகிறேன். சோரியாசிஸுக்குக் காளாஞ்சகப்படை என்ற சித்தப் பெயரை அண்ணா கேட்பார், எனக்கும் அது பிடிக்கும், ஆனால் கிளினிக் கொப்பியில் அப்படி இல்லை.

ருமற்றோயிட்தான் மடக்குகிறது. 'தன்னெதிர்ப்பு மூட்டழற்சி' என்றால் அது ஒன்றுக்கு மட்டும் நிற்குமா என்பது கேள்வி. 'இருபக்க மூட்டழற்சி' வயதோடு வரும் மூட்டுத் தேய்மானத்துக்கும் பொருந்திவிடும். பெரும்பான்மை 'ருமற்றோயிட் மூட்டழற்சி' என்கிறது, மாஸ்ரர் மட்டும் கலப்புச் சொல்லுக்குக் கை தூக்க மாட்டேன் என்கிறார். மாஸ்ரர், வியாழன் இரவுக்குள் வாதமும் முடக்கும் இல்லாத ஒரு சொல் தந்தால் அதையே போடுகிறேன்.