தாத்தாவின் பெட்டியில் கிடைத்த கருவி: தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

அனைவருக்கும் வணக்கம். தாத்தாவின் பழைய தகரப் பெட்டியில், வெல்வெட் துணி ஒட்டிய ஒரு நீளமான கறுப்பு உறை கிடைத்தது. உள்ளே பித்தளையில் இரண்டு கைகள், நடுவில் ஒரு மூட்டு. பார்த்தால் காம்பஸ் மாதிரிதான் இருக்கிறது. ஆனால் மூட்டுக்குப் பக்கத்தில் நகத்தளவு சக்கரம் ஒன்று, அதன் விளிம்பில் 100 கோடுகள். ஒரு கையின் நுனியில் மழுங்கிய ஊசி, இன்னொன்றில் கூர்முனை.

தேடிப் பார்த்ததில் பிளானிமீட்டராக இருக்கும் என்று தோன்றுகிறது. வரைபடத்தில் ஒரு எல்லையைச் சுற்றி ஊசியை நகர்த்தினால், உள்ளே இருக்கும் பரப்பளவைச் சக்கரம் சொல்லிவிடும். 1854-இல் சுவிட்சர்லாந்துக் கணிதவியலாளர் யாக்கோப் ஆம்ஸ்லர் உருவாக்கிய வகை இது. சரி, சோதித்துவிடலாம் என்று 10 செ.மீ. சதுரம் வரைந்து, கூர்முனையை விரலால் அழுத்திக்கொண்டு சுற்றினேன். சக்கரம் ஏறக்குறைய ஒரு முழுச் சுற்று போய் நின்றது! அந்த நொடியில் தாத்தாவே பக்கத்தில் இருந்தது போல் இருந்தது.

ஒரு சந்தேகம். உறையில் நாணய அளவுக்கு ஒரு வட்டப் பள்ளம் காலியாக இருக்கிறது. கூர்முனை நகராமல் இருக்க மேலே வைக்கும் எடைக்கான இடமா அது? அப்புறம், ஊசி இருக்கும் கையில் பொறித்த எண்கள் எதற்கு? பழைய நிறம் போய்விடும் என்று இன்னும் பாலிஷ் எதுவும் போடவில்லை. இதைப் பயன்படுத்தியவர்கள் யாராவது இருந்தால் தயவுசெய்து சொல்லுங்கள்.