எடுத்த பணத்தைத் திருப்பித் தராமல் ஒப்புரவு நிறைவாகுமா? வழிகாட்டல் தேவை

இயேசுவுக்கே புகழ்! எங்கள் பங்கு இளையோருக்குத் தவக்கால மறைக்கல்வி நடத்துகிறேன். கடைக் கல்லாவில் பணம் எடுத்த ஒருவர் பாவசங்கீர்த்தனம் (ஒப்புரவு அருளடையாளத்தில் குருவிடம் பாவங்களை அறிக்கையிடுதல்) செய்து, குருவானவர் சொன்னபடி மூன்று ‘அருள் நிறைந்த மரியே’ செபம் சொல்லிவிட்டால் கணக்குத் தீர்ந்ததா என்று ஒரு மாணவர் கேட்டார். நல்ல கேள்வி, சங்கடமான கேள்வியும்கூட.

பாவத்தை அறிக்கையிடுபவர் முழுத் தொகையோடு ஐந்தில் ஒரு பங்கையும் சேர்த்து, பாதிக்கப்பட்டவரிடமே கொடுக்க வேண்டும் என்கிறது விவிலியத்தின் எண்ணிக்கை நூலின் 5-ஆம் அதிகாரம்; லூக்கா நற்செய்தியில் வரும் வரிதண்டுவோர் தலைவரான சக்கேயுவோ நான்கு மடங்கு திருப்பித் தருவதாகச் சொல்கிறார். பாவமன்னிப்பு பாவத்தைப் போக்கினாலும், அது விளைவித்த சீர்கேடுகளையெல்லாம் சரிசெய்துவிடாது என்று கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூலும் (எண் 1459) கூறுவதால், திருப்பித் தருவது கடமை என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் மன்னிப்பை விலை கொடுத்து வாங்கலாம் என்று பிள்ளைகள் எடுத்துக்கொள்ளக் கூடாதே என்பதுதான் என் தயக்கம்.

உரியவரும் அவருடைய உறவினரும் இல்லையெனில் ஈட்டுத்தொகை ஆண்டவருக்கு, அதாவது குருவுக்குச் சேரும் என்கிறது அதே அதிகாரம். உரியவர் உயிரோடிருந்தும், உண்மையைச் சொன்னால் வேலையே போய்விடும் என்ற நிலையில், பெயர் தெரிவிக்காமல் பணத்தைச் சேர்ப்பித்தால் போதுமா? இதை வகுப்பில் விளக்கிய அனுபவமுள்ள குருக்களும் மறைக்கல்வி ஆசிரியர்களும் தங்கள் அணுகுமுறையைத் தயவுசெய்து இங்கே பகிர வேண்டுகிறேன்.