பாக்ஸில் முதல் ஆள், தியேட்டரில் திட்டு வாங்கும் ஆள்: எந்த மார்க்கை நம்புவது?

கோத்தகிரிக்காரன் கேட்டது:

ஜெனரல் சர்ஜரி இரண்டாம் வருடம், சமவெளியில் படிக்கிறேன். ஒரு வார லீவில் ஊருக்கு வந்திருக்கிறேன். எங்கள் டிபார்ட்மென்டில் லேப்ராஸ்கோபி (சின்னத் துளை வழியே கேமராவும் நீளக் கருவியும் விட்டுச் செய்யும் ஆபரேஷன்) பழகும் பெட்டியான பாக்ஸ் ட்ரெயினர் வாங்கியதிலிருந்து மாதாமாதம் டெஸ்ட். ஆறு ரப்பர் துண்டுகளை ஒவ்வொன்றாக முளையிலிருந்து எடுத்து, கருவி மாற்றி, எதிர்ப்பக்க முளையில் போட்டு, மறுபடி பழைய இடத்துக்கே கொண்டுவர வேண்டும். 55 நொடியில் முடிக்கிறேன், பேட்சில் நான்தான் வேகம்.

போன மாதம் பித்தப்பை ஆபரேஷனில் கிராஸ்பரை (திசுவைப் பிடிக்கும் நீளக் கருவி) கையில் கொடுத்தார்கள். இழுத்துப் பிடித்த வேகத்தில் பை கிழிந்து பித்தநீர் கொட்டி, கல் இரண்டு வெளியே உருண்டுவிட்டது. கல்லை எடுத்துக் கழுவிவிட்டார்கள், நோயாளி நன்றாக வீடு போய்விட்டார். சார் மட்டும் "உன் பாக்ஸ் மார்க்கை இங்கே யார் கேட்டது?" என்றார். இப்போது அதே பாக்ஸ் மார்க்கை இன்டர்னலில் சேர்க்கப் போகிறார்களாம்! எனக்கு லாபம்தான், ஆனாலும் உறுத்துகிறது. அந்த மார்க் உண்மையில் எதைத்தான் அளக்கிறது? வீட்டில் அட்டைப்பெட்டி, போன் கேமரா, கழித்துப்போட்ட இரண்டு கிராஸ்பர் வைத்து செட் போட்டிருக்கிறேன். நேரத்தைத் தவிர வேறு எதைக் குறித்துக்கொள்ளலாம்?

குன்னூர் கத்தி எழுதியது:

தம்பி, முதலில் பாக்ஸைத் திட்டாதே. நீ செய்யும் அந்தப் பயிற்சி, எஃப்எல்எஸ் என்ற லேப்ராஸ்கோபி அடிப்படைத் தேர்வின் ஐந்து பயிற்சிகளில் ஒன்று. மெக்கில் பல்கலைக்கழகத்தில் உருவான மார்க் முறையிலிருந்து வந்தது, அமெரிக்காவில் 2004 முதல் நடக்கிறது. அதில் வேகம் மட்டும் மார்க் இல்லை. துண்டு கண்ணுக்கு எட்டாத இடத்தில் விழுந்தால் கழிப்பார்கள், காஸ் துணியில் வட்டம் வெட்டும்போது கோட்டை விட்டு விலகினால் கழிப்பார்கள், தையலில் முடிச்சு நழுவினாலும் அப்படித்தான். உங்கள் ஊரில் ஸ்டாப்வாட்சை மட்டும் எடுத்துக்கொண்டு கழித்தலை விட்டுவிட்டார்கள் என்று தோன்றுகிறது, அப்படியென்றால் அது பாதி டெஸ்ட்தான்.

இன்னொன்று, ரப்பரை எப்படி நசுக்கினாலும் அது கிழியாது. பித்தப்பை கிழியும். எவ்வளவு அழுத்துகிறாய் என்று அந்தப் பெட்டிக்குத் தெரியவே தெரியாது. கோத்தகிரியில்தானே இருக்கிறாய், நன்றாகப் பழுத்த பிளம்ஸ் கிடைத்தால் பெட்டிக்குள் வைத்து, சதை பிய்யாமல் தோலை மட்டும் உரித்துப் பார். சீசன் இல்லையென்றால் திராட்சை. எத்தனை இடத்தில் சாறு வந்தது என்று எண்ணு, அதுதான் உன் மார்க்.

சிமுலேட்டரில் பழகியது தியேட்டருக்கு வரும் என்பதற்கு ஆதாரமும் இருக்கிறது. 2002-இல் யேல் பல்கலைக்கழகத்தில் 16 பயிற்சி மருத்துவர்களை வைத்துப் பார்த்தார்கள். பாதிப் பேருக்கு, அனுபவ சர்ஜன்கள் தொட்ட அளவை எட்டும் வரை கணினி சிமுலேட்டரில் பயிற்சி. ஈரலிலிருந்து பித்தப்பையைப் பிரிப்பதில் அவர்கள் 29 சதவீதம் வேகம். பித்தப்பையைக் காயப்படுத்துவதும் வேறு இடத்தைச் சுடுவதும் பயிற்சி இல்லாதவர்களிடம் 5 மடங்கு அதிகம். கவனி, உன் தவறும் அதே ரகம்தான்.

ஊட்டி தியேட்டர் சிஸ்டர் எழுதியது:

டாக்டர் தம்பி, நான் கருவி எடுத்துக் கொடுக்கும் ஆள், அதனால் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். இந்தக் குளிரில் ஸ்கோப்பை (கேமரா மாட்டும் குழாய்) சுடுநீரில் வைக்காமல் உள்ளே விட்டால் லென்ஸ் உடனே மங்கிவிடும். புதுசாக வரும் பிள்ளைகள் "சிஸ்டர், துடைக்கணும்" என்று கேட்கக் கூச்சப்பட்டு அரைகுறையாகத் தெரிவதை வைத்தே அறுத்துக்கொண்டு போவார்கள். உங்கள் பெட்டியில் லென்ஸ் மங்குவதே கிடையாது, அங்கே எல்லாரும் கெட்டிக்காரர்கள்தான். சரியாகத் தெரியாதபோது நிறுத்துகிறாரா இல்லையா, அதற்கு மார்க் போடச் சொல்லுங்கள்.

கூடலூர் வாத்தியார் எழுதியது:

சிஸ்டர் சொன்னதோடு நிறுத்திவிடலாம், அவ்வளவு சரி. ஆனால் குன்னூர் அண்ணன் கையைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறார். 2003-இல் வந்த ஆய்வில், லேப்ராஸ்கோபியில் பித்தக்குழாய் காயம்பட்ட 252 கேஸ்களைப் பிரித்துப் பார்த்தார்கள். 97 சதவீதத்துக்கு மூல காரணம் கண் ஏமாந்தது, பெரிய பித்தக்குழாயை சிஸ்டிக் டக்ட் (பையிலிருந்து வரும், வெட்ட வேண்டிய சின்னக் குழாய்) என்று நம்பியது. கைத்திறன் குறை 3 சதவீதம்தான். முளையில் துண்டு மாட்டுவது இதில் எதையுமே சோதிக்காது. பித்தப்பை கிழிந்தால் கழுவிவிடலாம், பெரிய குழாயை வெட்டினால் அந்த நோயாளியின் வாழ்க்கையே மாறிவிடும், இரண்டுமே 'பிழை' என்று ஒரே கட்டத்தில் டிக் அடித்தால் எப்படி?

கையை மதிப்பிட ஓசாட்ஸ் முறை இருக்கிறது. டொராண்டோவில் 1990களில் வந்தது. திசுவை மரியாதையாகத் தொடுகிறாரா, வீண் அசைவு உண்டா, அடுத்து என்ன என்று தெரிந்து செய்கிறாரா என்று ஏழு தலைப்பு, ஒவ்வொன்றுக்கும் 5 வரை மார்க். முகம் தெரியாமல் வீடியோவை வைத்தும் போடலாம். கண்ணை மதிப்பிட உன் கல்லூரி வீடியோக்களை (அனுமதி வாங்கி) குழாயை வெட்டுமுன் அதை அடைக்கும் கிளிப் போடுவதற்கு முந்தைய நொடியில் நிறுத்தி, "இப்போது கிளிப் போடலாமா?" என்று கேட்டுக்கொள். பையின் கழுத்தருகே உள்ள முக்கோணம் கொழுப்பு நீங்கிச் சுத்தமாகிவிட்டதா, பையின் கீழ்ப்பகுதி ஈரலிலிருந்து பிரிந்திருக்கிறதா, பைக்குள் இரண்டே இரண்டு குழாய்கள்தான் போகின்றனவா? 1995-இல் ஸ்ட்ராஸ்பெர்க் என்ற சர்ஜன் சொன்ன இந்த மூன்றில் ஒன்று குறைந்தாலும் 'போடக்கூடாது' என்று எழுது.

கோத்தகிரிக்காரன் எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. பிளம்ஸ் கிடைக்கவில்லை, திராட்சையில் பார்த்தேன். வேகமாகச் செய்தபோது பத்தில் ஏழு பழம் கிழிந்தது. நேரத்தை மறந்துவிட்டு இரவு மறுபடி செய்தேன், பத்தில் மூன்று, ஆனால் ஒரு பழத்துக்கு நான்கு நிமிடம். அம்மா எஸ்டேட்டில் கொழுந்து பறிப்பவர், பக்கத்தில் நின்று பார்த்துவிட்டு, "நாங்க வெறும் எடை போட்டா ஃபேக்டரியில விடுவானா, முத்தலைக் கழிச்சுட்டுத்தான் காசு" என்று சொல்லிவிட்டுப் போனார். இன்டர்னலுக்குக் கழித்தல் மார்க்கும் சேர்க்கச் சொல்லி ஹெச்ஓடிக்கு எழுதப் போகிறேன். என் முதலிடம் போய்விடும். வாத்தியார் சார், அந்த மூன்று கேள்வியையும் இன்னொரு பிஜியும் தனியாக எழுதி, பிறகு ஒப்பிட்டுப் பார்க்கலாமா?

கூடலூர் வாத்தியார் எழுதியது:

கட்டாயம். பேசிக்கொள்ளாமல் எழுதுங்கள். இருவரும் எங்கே வேறுபடுகிறீர்களோ அந்த வீடியோவை உங்கள் சாரிடம் எடுத்துக்கொண்டு போங்கள்.